ஓடும்போதே நின்றுவிடும் டீசல் என்ஜின்

நெல் பூக்கும் தருணத்தில் வயல் காயக் கூடாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் பழைய பம்புசெட் என்ஜின் பாதிப் பாய்ச்சலில் நின்றுவிடும். உடனே ஹாண்டிலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்தபின் மெக்கானிக்கைத் தேடி ஓடுவது வழக்கமாக இருக்கிறது. என்ஜின் எப்படி நின்றது என்பதை முதலில் யோசித்துப் பார்த்தால் கோளாறு பாதி விளங்கிவிடும்.

சத்தம் ஏறி இறங்கித் தடுமாறி நின்றால் டீசல் சரியாக வரவில்லை. கரும்புகை கக்கி, முக்கி முக்கி நின்றால் பாரம் அதிகம். அல்லது சூடு மிஞ்சி பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

கிணற்றுக்குள் இறக்கி வைத்த என்ஜின் தானாக நின்றால் யாரும் உடனே இறங்கக் கூடாது. தன் புகையிலேயே மூச்சுத் திணறி அது நின்றிருக்கலாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் உதவாது. விளக்கு எரியும் காற்றிலேயே ஆள் மயங்கி விழுவான். அப்படி விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்காமல் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

மேட்டில் உள்ள என்ஜினாக இருந்தால், டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு ஹாண்டிலை மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்க வேண்டும். எதிர்த்து உதைத்தால் விரல் தப்பும். சுற்றவே வராவிட்டால் பலவந்தம் கூடாது. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் சிக்கல் பம்பிலா என்ஜினிலா என்று தெரியும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறியபின் ஆயில் அளவையும், குளிர்விக்கும் தண்ணீர் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். லிவரை இறக்கியபின் ஹாண்டில் ஓரிடத்தில் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் கோளாறு. அது மெக்கானிக் வேலை.

முட்டினால், மறுபடி லிவரைத் தூக்கி வேகமாகச் சுற்றும்போது நாசிலில் 'கிர்க்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டீசல் வரும் வழியை டாங்கிலிருந்து பார்த்துவர வேண்டும். பலர் கவனிக்காதது டாங்கு மூடியில் உள்ள சிறு துளை. அது தூசியில் அடைத்தால் காற்று உள்ளே போகாது, டீசலும் இறங்காது. கொஞ்ச நேரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் குற்றவாளி அந்தத் துளையேதான். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் செலவில்லாமல் தீர்ந்தது.

அடுத்தது பில்டர். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். டாங்கு காலியாகி நின்ற என்ஜினில் ஏர் பிடித்திருக்கும்; டீசல் நிரப்பினால் மட்டும் ஓடாது. பில்டரில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் டீசலோடு குமிழி வரும். குமிழி நின்றதும், டீசல் வழியும்போதே முடுக்க வேண்டும். பிறகு டீசல் பம்பிலும் அப்படியே. கடைசியாக நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். அங்கே பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். ஆனாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய காயம் அது.

ஏர் எடுத்தபின்னும் அடிக்கடி ஏர் பிடித்தால் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர் தேய்ந்திருக்கும். இரண்டு புது வாஷரும் சரியான ஸ்பானரும் மோட்டார் கொட்டகையிலேயே இருப்பது நல்லது.