பிள்ளையின் இருதய ஆபரேஷன்: பணத்துக்காகக் காத்திருக்கலாமா?



பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது. இது யாருடைய சாபமும் அல்ல. இதில் அதிகம் காண்பது, இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் உள்ள ஓட்டை.

சின்ன ஓட்டை பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால் இரத்தம் அதன் வழியே பாய்ந்து நுரையீரலில் அதிகமாகச் சேரும். பிள்ளை பால் குடிக்கும்போதே களைத்துவிடும், நெற்றி வேர்க்கும், மூச்சு வாங்கும், எடை ஏறாது, அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டும்.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும், "அவ்வளவு காசுக்கு எங்கே போறது?" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. சில காலம் கழித்து மூச்சு வாங்குவது குறையும். "பிள்ளை தேறிட்டான்" என்று வீட்டில் நினைப்பார்கள். ஓட்டை சிறுத்திருக்கலாம், அல்லது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகியிருக்கலாம். டாக்டர்தான் சோதித்துச் சொல்ல முடியும். குழாய்கள் தடித்துக்கொண்டே போனால், பிற்பாடு உதடும் நகமும் நீலம் பாயும். அந்த நிலையில் ஓட்டையை மூடுவது உயிருக்கே ஆபத்து. அப்புறம் எவ்வளவு வெள்ளி வசூலித்தும் பயனில்லை.

ஆகவே வசூல் புத்தகம் அச்சடிக்கும் முன்னே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் குழந்தை நிபுணர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கு எழுதி அனுப்புவார்கள். ஒரு காலத்தில் அலோர் ஸ்டாரில் கிளினிக் நடத்திய டாக்டர் மகாதீர், பிரதமராக இருந்தபோது 1989-இல் வெளிநாடு போகாமல் கோலாலம்பூரிலேயே இருதய ஆபரேஷன் செய்துகொண்டார். இருதயக் கழகம் 1992-இல் தொடங்கியது.

பணத்துக்கு இரண்டு வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, சுகாதார அமைச்சு 2005-இல் ஏற்படுத்திய மருத்துவ உதவி நிதி. மலாயில் 'தாபுங் பந்துவான் பெருபாத்தான்' என்பார்கள். மற்றது, ஏழை நோயாளிகளுக்கு உதவும் இருதயக் கழக அறவாரியம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். பாரம் நிரப்ப அவர் வழிகாட்டுவார்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் சங்கக் கிளையிடம் சொல்லிப் பதிவிலாகாவுக்கு உடனே போங்கள். அதற்காக வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்.

தோட்டத்து நன்கொடையும் வேண்டியதுதான். பஸ் காசு, சாப்பாடு, தாய் தங்கும் செலவு, போன நாள் சம்பளம் இவற்றையெல்லாம் யார் கொடுப்பார்? வசூலித்தால் ரசீது கொடுங்கள். கணக்கை எல்லாரும் பார்க்க ஒட்டிவையுங்கள். ஆபரேஷன் செலவுக்கான பணத்தை ஆஸ்பத்திரியிலேயே கட்டுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் டாக்டர் குறித்த தேதிகளில் தவறாமல் காட்ட வேண்டும். பணம் இன்று இல்லாவிட்டாலும், சோதனையை இன்றே தொடங்குங்கள்.