கிட் கார்: மிச்சமாவது பணமல்ல

ஒரு காரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டு ஷெட்டிலேயே பூட்டிக்கொண்டால் பாதி விலையில் முடித்துவிடலாம் என்பது கிட் கார் பற்றிய முதல் நம்பிக்கை. மற்ற நம்பிக்கைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான். இது கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு காலத்தில், ஒரு நாட்டில், கணக்குப்படி உண்மையாகவே இருந்தது. 1957-இல் பிரிட்டனில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. பூட்டி முடித்த வண்டி வரியோடு சேர்த்து 1,036 பவுண்டு. அதையே பாகங்களாக வாங்கினால் 536 பவுண்டு. இந்த இடைவெளியில் பெரும்பகுதி வேலைக்கூலி அல்ல, வரி. அன்று பிரிட்டனில் புதுக் கார்களுக்குக் கொள்முதல் வரி இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் மொத்த வியாபார விலையில் 50, 60 விழுக்காடு வரை அது வசூலிக்கப்பட்டது. பூட்டிய கார் அந்த வரிக்குள் வரும், பெட்டிகளில் வரும் பாகங்கள் வராது. அந்தச் சலுகை வேண்டுமானால் பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் லோட்டஸ் வண்டியைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது, வாங்கியவர்கள் அதைக் கடைசிப் படியிலிருந்து முதல் படிக்குப் படித்துக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்துக் கார்களைப் பற்றி எழுதுவோர் பலரும் சொல்கிறார்கள். ஆக, மலிவு என்பது வீட்டில் கட்டுவதன் இயல்பான குணமாக என்றுமே இருந்ததில்லை. ஒரு வரிச்சட்டத்தின் இடைவெளியில் அது கொஞ்ச காலம் கிடைத்தது, அவ்வளவே.

1973 ஏப்ரல் 1-ஆம் தேதி கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த இடைவெளி அடைபட்டது. புதிய வரி, பூட்டியது பூட்டாதது என்று பேதம் பார்க்கவில்லை. அதே ஆண்டில் செவன் காரைக் கட்டும் உரிமையும் லோட்டஸின் கையைவிட்டு, சர்ரே பகுதியில் அதன் விற்பனையாளராக இருந்த கேட்டரம் நிறுவனத்துக்குப் போனது. கேட்டரம் இன்றும் அந்தக் காரைக் கிட்டாக விற்கிறது. 2021-இல் வந்த 'செவன் 170' மாடலில் இருப்பது 660 சிசி சுஸுகி எஞ்சின். மொத்த எடை 440 கிலோ. அதன் கிட் விலை அறிமுகத்தின்போதே 22,990 பவுண்டில் தொடங்கியது. ஆலையிலேயே பூட்டி வாங்கினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது இந்த விலையில் சிறு பங்குதான். 1957-இல் பாதியாக இருந்த வித்தியாசம் இன்று அவ்வளவு சுருங்கிவிட்டது. பணத்தை மட்டும் பார்க்கிறவர் பூட்டிய வண்டியையே வாங்கலாம்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு: கம்பெனிக் கிட்டை விடுங்கள், இரும்புக் குழாய் வாங்கி சேஸிஸையே நாமே வெல்டு செய்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பழைய வண்டியிலிருந்து எடுத்தால் என்ன? இந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன் எழுதி 1996-இல் ஹேய்ன்ஸ் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம். 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்பதுதான் அதன் தலைப்பு. 'லோகாஸ்ட்' என்று பெயர் பெற்ற அந்த வகை வண்டியை உலகம் முழுவதும் பலர் கட்டினார்கள், இன்றும் கட்டுகிறார்கள். புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் 250 என்ற அந்த எண் எதன்மேல் நின்றது என்று பார்க்க வேண்டும். பாகங்களுக்காக அது சுட்டியது இரண்டாம் தலைமுறை ஃபோர்டு எஸ்கார்ட். பின்சக்கர இழுவை கொண்ட அந்தக் காரின் உற்பத்தி 1980-இல் நின்றது. 1990-களில் பாடி துருப்பிடித்து, எஞ்சினும் ஆக்சிலும் மட்டும் நன்றாக இருந்த எஸ்கார்ட்டுகள் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன. இன்று அவை சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வண்டிகள். கட்டுகிறவர்கள் முதலில் ஃபோர்டு சியராவுக்கும், பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கும் நகர்ந்துவிட்டார்கள். அதோடு வெல்டிங் மெஷின், கருவிகள், வண்டி மாதக்கணக்கில் நிற்கும் இடம் ஆகியவை தன்னிடம் ஏற்கெனவே இருப்பவருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

பட்ஜெட் உடைவது எஞ்சினிலோ சேஸிஸிலோ அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பாகங்களின் விலையை எல்லோரும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். பிரேக் பைப், ஹோஸ், ரேடியேட்டர் இணைப்புகள், வயரிங், சரியான தரத்து போல்ட்டுகள், புஷ், சீல், ஐந்து டயர், பெயின்ட் என்று வரும் நூற்றுக்கணக்கான சில்லறைச் செலவுகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்த பாகமும் அப்படியே போய் உட்காராது. பிரேக் காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து சீல் மாற்ற வேண்டும். பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தபின் அதையே திரும்பப் போட மனம் வராது.

அடுத்தது நேரம். ஒரு நல்ல கிட்டை நூறு மணி நேர அளவில் பூட்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது கேட்டரம் போல, எல்லாப் பாகமும் புதிதாக, துளைகள் போட்டு, வயரிங் கட்டி, வரிசைப்படி பெட்டியில் வரும் கிட்டுக்குப் பொருந்தும் கணக்கு. சேஸிஸிலிருந்து தொடங்கும் லோகாஸ்ட்டுக்கு அதே எண்ணைச் சொல்வது தவறு. அங்கே வேலை பூட்டுவதோடு முடிவதில்லை. பொருத்திப் பார்த்து, கழற்றி, அரம் போட்டு, மறுபடி பொருத்துவதில்தான் பெரும்பொழுது கழியும். எஞ்சினை உட்கார வைத்த பிறகு ஸ்டியரிங் தண்டு எக்ஸாஸ்ட் குழாயில் இடிப்பது தெரியவரும். அதைச் சரிசெய்ய மூன்று வேலைகளைப் பின்னோக்கிக் கழற்ற வேண்டியிருக்கும். கிட் கார் விளம்பரங்களில் 'பாதியில் நின்ற வண்டி' என்பது பழகிப்போன ஒரு வகை. போட்ட பாகங்களின் விலைகூடத் திரும்பாமல் அவை கைமாறுகின்றன. கட்டியவருக்குத் திறமை இல்லாததைவிட, வேலையின் அளவைத் தொடக்கத்தில் யாரும் அவருக்கு நேர்மையாகச் சொல்லாததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மலிவு, சுலபம் என்ற இரண்டு வாக்குறுதிகளை நம்பி இறங்கியவர், இரண்டுமே நடக்காதபோது விட்டுவிடுகிறார்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் ஒரே சமயத்தில் உலவுகின்றன. வீட்டில் கட்டிய வண்டியை யாரும் சோதிப்பதில்லை, ஆகவே அது ஓடும் ஆபத்து என்பது ஒன்று. அரசு சோதித்து எண் கொடுத்துவிட்டால் அது ஆலையில் செய்த காருக்குச் சமம் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. பிரிட்டன் 1998-இல் ஒற்றை வண்டிகளுக்கான தனிச் சோதனையைக் கொண்டுவந்தது. 2009-இல் அது ஐ.வி.ஏ. என்ற இன்றைய வடிவத்துக்கு மாறியது. அந்தச் சோதனையின் நுணுக்கம் பலர் எதிர்பாராதது. திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்புகிறதா, சீட் பெல்ட் பூட்டியிருக்கும் இடம் போதிய வலுவுள்ளதா, விளக்குகள் விதித்த உயரத்திலும் கோணத்திலும் இருக்கின்றனவா, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பிரேக்கை அழுத்தும்போது முன் சக்கரங்களுக்கு முந்திப் பின் சக்கரங்கள் உறையக் கூடாது. பின்பக்கம் முதலில் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும் என்பதால் இந்த விதி. பாடியின் வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து தொடக்கூடிய இடங்களில் விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சாலையில் நடந்து போகிறவர்மேல் வண்டி உரசினால் சதை கிழியக் கூடாது என்பதே நோக்கம். பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ரசீதுகளும், கட்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படங்களும் கைவசம் இருக்க வேண்டும். வண்டியின் வயதோ அடையாளமோ நிறுவப்படாவிட்டால் க்யூ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்தான் கிடைக்கும். விற்கும்போது அது விலையைக் குறைக்கும்.

இந்தச் சோதனையில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். வண்டியைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பதில்லை. ஒருவர் கட்டிய ஒரே வண்டியை அப்படிச் சோதிக்க வழியும் இல்லை. ஏர்பேக், நொறுங்கி அதிர்ச்சியை வாங்கும் முன்பகுதி போன்றவை பெரும்பாலான கிட் கார்களில் கிடையாது. 500 கிலோ எடையுள்ள வண்டியும் அதைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள வண்டியும் மோதினால் இயற்பியல் யார் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. சோதனைக்காக மாட்டிய ரப்பர் விளிம்பையும் நட்டு மூடியையும் எண் கிடைத்த மறுநாளே சிலர் கழற்றி விடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது. அது கண்டிக்கத்தக்கது, ஏனென்றால் அந்த விதி ஓட்டுகிறவரைக் காப்பதற்கல்ல, எதிரே வருகிறவரைக் காப்பதற்காக. ஆனால் வீட்டு வெல்டிங் என்பதாலேயே சேஸிஸ் முறியும் என்று முடிவுகட்டுவதற்கு இதில் எதுவும் ஆதாரமாகாது. செவன் வகை சேஸிஸின் வலு கனத்தில் இல்லை, முக்கோணங்களாகப் பிணைந்த மெல்லிய சதுரக் குழாய்களில் இருக்கிறது. நல்ல வரைபடத்தைப் பின்பற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் இரும்பு ஆழம்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று மாதிரித் துண்டுகளை அறுத்துப் பார்த்து வேலை செய்தால், சுமை தாங்கும் சேஸிஸை ஒரு தனி ஆள் செய்ய முடியும். மேற்பூச்சு அழகாக இருக்கிறதே என்று நம்பினால் முடியாது.

பணமும் மிச்சமில்லை, நேரமும் போகிறது, மோதலில் பாதுகாப்பும் குறைவு என்றால் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விற்பனை விளம்பரங்கள் மறைக்கும் பதிலை நேராகவே சொல்லலாம்: கட்டும் வேலைக்காகவே கட்ட வேண்டும். ஒரு கார் ஏன் நேராக ஓடுகிறது, ஏன் நிற்கிறது, பிரேக் ஆயிலில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் பெடல் ஏன் அமுங்கிப் போகிறது என்பதைக் கையால் அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இன்றைய கார்களை உரிமையாளர் திறந்து பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்கள். தன் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கினோம் என்று அறிந்தவருக்கு, ஒரு புதுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். இது பெரிய அறிவு. அதற்கு விலை கொடுப்பதில் தவறில்லை. அந்த விலையைத் தள்ளுபடி என்று சொல்லி விற்பதுதான் தவறு.

இதைப் படித்துத் தமிழ்நாட்டில் யாராவது இரும்புக் குழாய் வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய மாருதியின் எஞ்சினை எடுத்துப் புது சேஸிஸில் வைத்து, பழைய ஆர்.சி. புத்தகத்தையே காட்டி ஓட்டலாம் என்ற நம்பிக்கை இங்கே இருக்கிறது. அது சட்டப்படி செல்லாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புது மாடலுக்கு ஒப்புதல் வாங்கும் வழி, ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் ஆலைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கென்று பிரிட்டனில் இருப்பது போன்ற தனிச் சோதனை நம் விதிகளில் இல்லை. அதனால் இங்கே கட்டும் வண்டி தனியார் இடத்தில் ஓடலாம், பொதுச் சாலையில் ஓட முடியாது. அப்படி ஒரு வழி திறந்தால் கண்ட கண்ட வண்டியெல்லாம் சாலைக்கு வந்துவிடும் என்று அஞ்சுவோர், சோதனையே இல்லாமல் இன்று சாலையில் ஓடும் மாற்றியமைத்த வண்டிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஒரு மாணவர் குழுவோ ஒரு மெக்கானிக்கோ தாங்கள் கட்டிய ஒரே வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, குறைகளின் பட்டியலை வாங்கித் திருத்தி, மறுபடி கொண்டுவர விதி இடம்கொடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.