வணிகக் கட்டடங்களைத் தூய்மை செய்தல்: சூழலுக்குக் கேடு விளைக்காத முறைகள்

ஒரு கட்டடத்தினுள் நுழைந்ததும் பினாயில் நெடி வீசினால், அங்கே சுகாதாரம் நன்கு பேணப்படுகிறது என்று எண்ணுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். காலராவும் டைபாய்டும் ஊர்களைச் சூறையாடிய காலத்தில் வேரூன்றிய எண்ணம் இது. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் நிறுவி, 1901-இல் பதிவு பெற்ற கம்பெனியாக வளர்த்த பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் பினாயில் நாடெங்கும் அறிமுகமான பொருளாயிற்று. அக்காலத்தில் கிருமி நாசினிகள் செய்த தொண்டு பெரிது.

எனினும், நெடி என்பது ஓர் இரசாயனப் பொருள் ஆவியாகிக் காற்றில் கலந்துள்ளது என்பதற்கு மட்டுமே அறிகுறியாகும். அழுக்கு அகன்றுவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. அலுவலகங்கள், வங்கிகள், கடைவளாகங்கள், உணவு விடுதிகள் ஆகியவற்றில் நாள்தோறும் பல வாளி நீரில் இத்தகைய பொருள்கள் கரைத்து ஊற்றப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி, துடைக்கும் பணியாளரின் நுரையீரலை அடைகிறது. எஞ்சியது சாக்கடை வழியே ஏரியையும் ஆற்றையும் அடைகிறது. இவ்விரண்டையும் காத்துக்கொண்டே கட்டடத்தைத் தூய்மையாக வைப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. தூய்மை செய்தலும் கிருமி நீக்கலும்

இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள். புழுதி, எண்ணெய்ப் பசை, உணவுத் துகள் முதலியவற்றை ஓர் இடத்திலிருந்து அகற்றுவது தூய்மை செய்தல். எஞ்சியுள்ள நுண்ணுயிர்களைக் கொல்வது கிருமி நீக்கல். நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துத் துடைக்கும்போது, அழுக்கோடு அதில் ஒட்டியுள்ள கிருமிகளில் பெரும்பாலானவையும் அகன்றுவிடுகின்றன. அழுக்கை நீக்காமல் அதன் மீதே கிருமி நாசினியை ஊற்றினால், மருந்தின் ஆற்றல் அழுக்கிலேயே செலவாகிவிடுகிறது. குளோரின் கலந்த கரைசல்களில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

ஆகவே, கழிவறை, மருத்துவ முதலுதவி அறை, வாந்தி அல்லது இரத்தம் சிந்திய இடம் போன்றவற்றிற்கே கிருமி நாசினி தேவை. எழுதுமேசை, நடைவழி, படிக்கட்டு, சுவர் ஆகியவற்றிற்கு மென்மையான சோப்பு நீரும் சுத்தமான துணியும் போதும். 2020-இல் கோவிட் நோய் பரவிய தொடக்க மாதங்களில், அலுவலகங்களில் பலர் அடிக்கடி தொடும் இடங்களை ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சு அறிவுறுத்தியது. நோயின் இயல்பு அறியப்படாத நேரத்தில் அது தக்க எச்சரிக்கையே. பின்னர் அந்நோய் முதன்மையாகக் காற்றின் வழியே பரவுவது தெளிவாயிற்று. நோய்க்கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. எனினும் அவசரக் காலத்தில் தொடங்கிய பழக்கம் பல கட்டடங்களில் அவசரம் நீங்கிய பின்னும் நீடித்தது.

2. புழுதியை வாயிலிலேயே தடுத்தல்

கட்டடத்தினுள் சேரும் மண்ணில் பெரும்பகுதி காலணிகளின் வழியே வருகிறது. அதை வாயிலிலேயே நிறுத்தினால், பிறகு கழுவ வேண்டிய வேலையும் அதற்கான சோப்பும் நீரும் குறையும். நுழைவாயிலில் குறைந்தது மூன்று மீட்டர் நீளமுள்ள கால்மிதி விரிக்க வேண்டும். ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய சிறு கால்மிதியால் பயனில்லை. கால்மிதியை நாள்தோறும் வெளியே உதறுவதும் இன்றியமையாதது. மண் நிரம்பிய கால்மிதி தானே புழுதியின் ஊற்றாகிவிடும்.

உலர்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கும்போது நுண்ணிய துகள்கள் மேலெழுந்து, நெடுநேரம் காற்றில் மிதந்து, மீண்டும் மேசைகள் மீது படிகின்றன. நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் துகள் எழுவதில்லை. கழிவறைக்கு ஒரு நிறம், உணவருந்தும் இடத்திற்கு வேறொரு நிறம், மற்ற இடங்களுக்குப் பிறிதொரு நிறம் எனத் துணிகளைப் பிரித்து வைத்தால், ஓரிடத்துக் கிருமி மற்றோரிடத்திற்குச் செல்வது தடுக்கப்படும். இதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு.

3. அளவும் நேரமும்

"இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் சுத்தம்" என்பது தவறான நம்பிக்கை. சோப்புப் பொருள் மிகுந்தால் தரையில் பிசுபிசுப்பான படலம் தங்கி, அடுத்த நாளின் புழுதியை ஈர்த்துக்கொள்ளும். தரை விரைவில் அழுக்காவதைக் கண்டு பணியாளர் மேலும் ஊற்றுவார். இச்சுழற்சியை அறுப்பதற்கு வேண்டிய கருவி ஓர் அளவுக் குவளையே.

கிருமி நாசினி தேவைப்படும் இடத்திலும் அளவு முக்கியம். ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு லிட்டருடன் நான்கு லிட்டர் நீர் சேர்த்தால் ஒரு சதவீதக் கரைசல் ஐந்து லிட்டர் கிடைக்கும். வெயிலிலும் வெப்பத்திலும் இதன் ஆற்றல் குறைவதால், அன்றன்று வேண்டிய அளவே கலக்க வேண்டும். தெளித்தவுடன் துடைத்துவிட்டால் கிருமிகள் சாவதில்லை. புட்டியின் மேலொட்டில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும்.

4. ஒருபோதும் கலக்கக் கூடாதவை

கழிவறைப் பீங்கானில் படியும் வெண்மையான கறை பெரும்பாலும் கடினநீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவமாகும். அதை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவது பரவலான வழக்கம். அதே கழிவறையில் பிளீச்சிங் பவுடரோ ஹைப்போகுளோரைட்டோ இருந்தால் அமிலம் அதனுடன் வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளிவிடும். இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் தரையை ஒட்டியே தங்கும். குனிந்தும் குந்தியும் வேலை செய்யும் பணியாளரின் மூக்கும் வாயும் அம்மட்டத்தில்தான் உள்ளன. காற்றோட்டமற்ற சிறு அறையில் இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அம்மோனியா கலந்த பொருளுடன் ஹைப்போகுளோரைட் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

சுண்ணாம்புப் படிவத்தை நீக்க, கடைகளில் எலுமிச்சை உப்பு என விற்கப்படும் சிட்ரிக் அமிலம் தக்க மாற்றாகும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்து, கறை மீது சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். இதுவும் ஓர் அமிலமே. ஆதலால் பிளீச்சிங் பவுடருடன் இதனைச் சேர்க்கக் கூடாது. சலவைக்கல் தரையிலும் இதைப் பயன்படுத்தலாகாது. சலவைக்கல்லும் சுண்ணாம்பு இனமே ஆகையால், அமிலம் பட்ட இடம் பொலிவிழந்துவிடும்.

5. பணியாளரின் மூச்சு

நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சாற்றலை ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில் அளந்து செய்யப்பட்ட ஆய்வு அது. தூய்மை செய்யும் பணியில் இருந்த பெண்களுக்கும், வீட்டில் அப்பணியைச் செய்துவந்த பெண்களுக்கும், மற்றப் பெண்களைவிட நுரையீரல் ஆற்றல் விரைவாகக் குறைந்திருந்தது. ஒரே நாளில் தோன்றும் நோயன்று இது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து வருவது.

இதிலிருந்து சில விதிகள் பெறப்படுகின்றன. மருந்தைக் காற்றில் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். துடைக்கும்போது சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். கையுறை வழங்க வேண்டும். சிறுநீர்த் தொட்டிகளில் பாச்சை உருண்டை இடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அது கிருமியைக் கொல்வதில்லை. நாற்றத்தை மறைப்பதோடு நாப்தலீன் ஆவியை மூச்சில் கலக்கிறது. குளிர்பானப் புட்டிகளில் அமிலத்தையோ பினாயிலையோ நிரப்பி வைப்பது பெருங்குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

6. வாளி நீர் எங்கே செல்கிறது?

பெரிய கட்டடங்கள் பலவற்றில் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும், சிறியவற்றில் செப்டிக் தொட்டியும் உள்ளன. இவ்விரண்டிலும் வேலை செய்பவை உயிருள்ள பாக்டீரியாக்களே. அவையே கழிவை உண்டு சிதைக்கின்றன. மேல்மாடியில் மிகுதியாக ஊற்றப்படும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கீழே இப்பாக்டீரியாக்களை அழிக்கின்றன. அதன்பின் தொட்டி நாறுகிறது. அந்த நாற்றத்தைப் போக்க மீண்டும் பினாயில் ஊற்றப்படுகிறது.

ஐதராபாத்தில் 2004-இல் திறக்கப்பட்ட சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தில் கழிவுநீர் நாணல் போன்ற செடிகளின் வேர்ப்பகுதி வழியே செலுத்தப்பட்டுத் தூய்மையாக்கப்படுகிறது. அத்தகைய கட்டடத்தில், தரை துடைப்பவரின் வாளியும் செடியின் வேரும் ஒரே குழாயின் இரு முனைகள் எனலாம்.

சுத்திகரிக்கப்படாத நீரின் விளைவையும் நாடு கண்டுள்ளது. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-இல் சாலை வரை எழுந்து பரவியது. அவ்வாண்டு அந்நுரை தீப்பற்றியும் எரிந்தது. தில்லியில் யமுனை நதி மழைக்காலத்திற்குப் பின் வெண்ணுரையால் மூடப்படுவது பலமுறை நிகழ்ந்துள்ளது. வீடுகள், கட்டடங்கள், தொழிற்கூடங்கள் ஆகிய அனைத்தின் கழிவும் இதற்குக் காரணம். இன்றைய சோப்புத்தூள்களில் உள்ள பொருள் உயிர்வளி நிறைந்த நீரில் சிதையக்கூடியதே. ஆனால் உயிர்வளி அற்ற சாக்கடை நீரில் அது எளிதில் சிதைவதில்லை. எனவே, ஊற்றும் அளவைக் குறைப்பதே முதல் மருந்து.

7. "இயற்கை" என்னும் சொல்

இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்று கொள்வதும் பிழை. பூந்திக்கொட்டையின் நுரை அழுக்கை நன்கு நீக்கும். எனினும் அதிலுள்ள சபோனின் மீன்களுக்கு நஞ்சாகும். பைன் எண்ணெயின் நறுமணம் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து பார்மால்டிஹைடைத் தோற்றுவிக்கிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்தால் நுரை பொங்குமேயன்றி, இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து ஆற்றல் இழக்கும். பொருள் வாங்குவோர் மேலொட்டில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு அடையாளம் வழங்கும் எகோமார்க் திட்டத்தை இந்திய அரசு 1991-இல், மண்பானையைச் சின்னமாகக் கொண்டு தொடங்கியது. அதற்குரிய புதிய விதிகள் 2024-இல் வெளியாயின.

8. மாற்றத்தைத் தொடங்கும் முறை

களப்பணியாளர்கள் ஒரு கட்டடத்தைப் பார்வையிடும்போது முதலில் பொருள் அறையைத் திறந்து காண வேண்டும். என்னென்ன பொருள்கள், மாதம் எவ்வளவு, எந்த இடத்திற்கு எனப் பட்டியலிட வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று நான்கு பொருள்கள் இருந்தால் ஒன்றை வைத்து மற்றவற்றை நிறுத்தலாம். அடுத்து, துடைக்கும் பணியாளர்களுடன் அமர்ந்து பேச வேண்டும். எந்தப் பொருளால் கண் எரிகிறது, எதனால் கை வெடிக்கிறது, எந்த அறையில் மூச்சு முட்டுகிறது என்பவற்றை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. பின்னர் ஒரு மாடியில் மட்டும் ஒரு மாதம் புதிய முறையைக் கையாண்டு, செலவையும் தூய்மையையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

9. வகுப்பறைச் சோதனை

இரு சிறு புட்டிகளில் சம அளவு வெதுவெதுப்பான வெல்லக் கரைசலை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் இடுக. ஒரு புட்டியில் மட்டும் ஆசிரியர் இரண்டு தேக்கரண்டி பினாயில் சேர்க்க வேண்டும். இரு வாய்களிலும் பலூன்களை மாட்டி வைக்கவும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், பினாயில் இல்லாத புட்டியின் பலூன் உப்பும். மற்றப் புட்டியில் ஈஸ்ட் மடிவதால் அதன் பலூன் துவண்டே கிடக்கும். செப்டிக் தொட்டியில் நிகழ்வதும் இத்தகையதே என மாணவர்க்கு விளக்கலாம்.

வினாக்கள்

1. தூய்மை செய்தலுக்கும் கிருமி நீக்கலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. குளோரின் வாயு, நின்று வேலை செய்பவரைவிடக் குந்தி வேலை செய்பவரை மிகுதியாகத் தாக்குவது ஏன்?
3. செப்டிக் தொட்டி நாறும்போது பினாயில் ஊற்றுவது ஏன் தவறு?
4. உங்கள் பள்ளியில் அல்லது அலுவலகத்தில் ஒரு மாதத்தில் பயன்படும் துப்புரவுப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் நிறுத்தக் கூடியவற்றைக் காரணத்துடன் குறிப்பிடுக.