துளிக் கசிவு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நீலாய் வட்டாரத்தில், ஒரு வீட்டின் கொட்டகையில் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்து நிற்பதாகக் கற்பனை செய்வோம். அது தாத்தா ஓட்டிய வண்டி. இன்று பேரனின் பொறுப்பில் உள்ளது. இயந்திரத்தை இயக்கிய சிறிது நேரத்தில் பெட்ரோல் வாடை வீசுகிறது.

"கார்புரேட்டர் பக்கம் ஈரமா இருக்கு, தாத்தா. நட்டை இன்னும் இறுக்கட்டுமா?"

"அவசரப்படாதே, தம்பி. முதல்ல எங்கிருந்து ஒழுகுதுன்னு பாரு."

தாத்தாவின் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனர், பத்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையான வண்டி. 1950களின் நடுப்பகுதி முதல் வந்த இவ்வகை வண்டிகளில், கார்புரேட்டரும் சூடான புகைக்குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. பெட்ரோலின் ஆவியோ, உறைநிலைக்கும் கீழான குளிரில்கூடத் தீப்பற்றவல்லது. எனவே, ஒரு துளிக் கசிவும் பேராபத்தை விளைவிக்கலாம்.

கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்திற்கு அனுப்புகிறது. அதன் தட்டையான விளிம்பு, இரு முனைகளிலும் நட்டுகளால் உள்ளிழுப்புக் குழாயுடன் பொருத்தப்படுகிறது. இடையில் கேஸ்கெட் எனும் மெல்லிய அடைப்புத்தாள் இருக்கும். நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பின் முனைகள் வளைந்து, நடுவில் இடைவெளி உண்டாகும். மேலும் இறுக்கினால் இடைவெளி பெரிதாகுமே தவிர, கசிவு நிற்காது. அவ்விடைவெளி வழியே வெளிக்காற்றும் உள்ளே புகுவதால் இயந்திரம் சீராக ஓடாது.

கசிவின் மூலத்தை எவ்வாறு அறிவது? கார்புரேட்டரை நன்கு துடைத்துவிட்டு, இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். மின்விசையால் இயங்கும் பம்பு, மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலை நிரப்பும். அப்போதே பெட்ரோல் வழிந்தால், கிண்ணத்தின் ஊசி அடைப்பானில் பழுது இருக்கலாம். வழியாமல், இயந்திரம் ஓடிய பின்னரே விளிம்பு நனைந்தால், விளிம்பையும் கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.

பழுது பார்க்கும்முன் இயந்திரம் ஆற வேண்டும்; மின்கல இணைப்பைத் துண்டிக்க வேண்டும். காற்றோட்டமான இடமும் தீயணைப்பானும் அவசியம். நெருப்பு அருகில் இருக்கவே கூடாது.

கழற்றிய விளிம்பின்மீது இரும்பு அடிகோலை வைத்து வெளிச்சத்தில் பார்க்கலாம். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் விளிம்பு வளைந்துள்ளது. தடித்த கண்ணாடியின்மேல் மென்மையான மணல்தாளை விரித்து, விளிம்பைச் சீராகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பின்னர்த் துகள்களை முற்றாக அகற்ற வேண்டும். பழைய கேஸ்கெட்டுக்கு மாற்றாகப் புதியதைப் பொருத்தி, இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசுவது தீர்வாகாது; பெட்ரோல் பட்டால் அது ஊறிப் பிய்ந்துவிடும்.

பேரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, துடைக்கும் துணியை எடுத்தான். பழுதுபார்க்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

வினாக்கள்

1. நட்டுகளை மேலும் இறுக்குவதால் கசிவு நிற்காதது ஏன்?
2. கசிவின் மூலத்தைக் கண்டறியும் முறையை விளக்குக.
3. 'நோய்க்காரணம் அறிந்தே மருந்து தேட வேண்டும்' எனும் கருத்தை இப்பகுதியோடு தொடர்புபடுத்தி எழுதுக.