துணை நடிகை தெல்மா ரிட்டர்

திரைப்படம் என்றவுடன் கதாநாயகனும் கதாநாயகியுமே நம் நினைவுக்கு வருகின்றனர். வேலைக்காரியாகவும் தாதியாகவும் வந்து போகிறவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அத்தகைய வேடங்களிலேயே புகழ் பெற்றவர் அமெரிக்க நடிகை தெல்மா ரிட்டர்.

இவர் 1902ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். நடிப்புப் பயிற்சி பெற்று மேடையேறினார். திருமணத்திற்குப் பின் இரு குழந்தைகளை வளர்ப்பதற்காக நடிப்பை விட்டிருந்து, பிறகு வானொலி நாடகங்களில் பங்கேற்றார். 1947இல் ‘மிராக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்’ என்ற படத்தில், மகன் கேட்ட விளையாட்டுப் பொருளைத் தேடி அலுத்துப்போன தாயாகத் தோன்றினார். அதுவே அவருடைய முதல் படம். அப்போது அவருக்கு வயது 45. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர்கூட இல்லை!

ஆயினும் வாய்ப்புகள் தேடி வந்தன. ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில், பணிவாக நடித்து ஏமாற்றும் பெண்ணை முதலில் சந்தேகிப்பவர் இவர் ஏற்ற பணிப்பெண்ணே. 1954இல் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ படத்தில் கால் முறிந்தவரைக் கவனிக்கும் தாதியாக நடித்தார்.

1950 முதல் 1962 வரை வெளிவந்த ஆறு படங்களுக்காக, சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஒருமுறையும் விருது கிட்டவில்லை. மேடை நடிப்புக்கு 1958இல் டோனி விருது கிடைத்தது. 1969இல் காலமானார்.

பரிசு கிடைக்காத உழைப்பு வீணானதா? இல்லை என்பதற்கு, இன்றும் பார்க்கப்படும் அப்படங்களே சான்று. தோழியரே, ஆண்டு விழா நாடகத்தில் அரசி வேடம் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். மற்ற வேடங்கள் யாவும் நம்முடையவை. அவற்றை மனமுவந்து ஏற்போம்!