ஆஸ்கார் மீன் வளர்ப்பு: தொட்டி அமைப்பதிலிருந்து தொடங்கி

சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்கார், தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் வாழும் மீன். 1831-இல் லூயி அகாசி இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். கடல்மீன் என்று தவறாகக் கருதப்பட்டு, முதலில் வேறொரு பேரினத்தில் சேர்க்கப்பட்டது. இன்றைய அறிவியல் பெயர் அஸ்ட்ரோனோட்டஸ் ஒசெல்லாட்டஸ். வால் தொடங்கும் இடத்தில் ஆரஞ்சு வளையத்துக்குள் கரும்பொட்டு ஒன்று கண் போலத் தெரியும். டைகர், ரெட், அல்பினோ என்று கடைகளில் விற்பவை எல்லாம் இந்த ஒரே இனத்தின் நிற வகைகள்தான்.

கடையில் கிடைக்கும் குஞ்சு இரண்டு அங்குலம் இருக்கும்; விலையும் குறைவு. ஆனால் நல்ல தீனியும் நல்ல நீரும் கிடைத்தால் ஒரே ஆண்டில் 20 செ.மீ. தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் 30 முதல் 35 செ.மீ. நீளம் வரும். 10 ஆண்டுக்கு மேல் உயிர் வாழும். ஆகவே குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்கக் கூடாது. வளர்ந்த மீனை மனத்தில் வைத்தே வாங்க வேண்டும். 'தொட்டிக்கு ஏற்ற அளவில்தான் மீன் வளரும்' என்ற பேச்சில் உண்மையில்லை. சிறு தொட்டியில் கழிவு தேங்கி, மீன் நோயுற்று, வளர்ச்சி குன்றுகிறது, அவ்வளவுதான்.

ஓர் ஆஸ்காருக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தேவை. கொள்ளளவு ஏறத்தாழ 340 லிட்டர். உயரத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது. ஓரடிக்கு மேல் வளரும் மீன் உடலை மடக்காமல் திரும்ப வேண்டும். இரண்டு மீன் என்றால் 6 அடித் தொட்டிக்குப் போக வேண்டியதுதான். நீர், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும் என்பதால் தரை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தகடு போட்டால் சிறு மேடுபள்ளங்களால் கண்ணாடி விரிசல் விடாது. வெயில் நேரே விழும் சன்னலோரம் வேண்டாம்.

மேலே கனமான மூடி கட்டாயம். ஆஸ்கார் துள்ளும், இரவில் துள்ளி வெளியே விழுந்த மீனைக் காலையில்தான் பார்க்க நேரும். உள்ளே அலங்காரம் அதிகம் வேண்டாம். மெல்லிய ஆற்றுமணல், உருண்டையான பெரிய கற்கள் இரண்டு மூன்று போதும். செடி நட்டால் பிடுங்கிப் போடும், கூழாங்கல்லை வாயில் அள்ளி இடம் மாற்றும், ஹீட்டர் இருந்தால் இடித்து உடைக்கும். எனவே ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். நீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. தமிழகச் சமவெளியில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் தேவை. கோடையில் சிக்கல் நேர்மாறானது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும்.

அடுத்தது ஃபில்டர். ஆஸ்கார் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஐந்து முறையாவது ஃபில்டர் வழியே சுற்ற வேண்டும். 340 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,700 லிட்டர். கேனிஸ்டர் அல்லது சம்ப் சிறந்தது. சிறிய டாப் ஃபில்டர் மட்டும் போதாது.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டின் நஞ்சு மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீனில்லாமல் ஃபில்டரை ஓட்டி, தினமும் சிறிது தீனி போட்டு அழுக விட வேண்டும். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் வேலை விரைவாக முடியும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். நீர் தெளிந்திருப்பதை நம்பக் கூடாது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

பல வீடுகளில் மீன் சாவது தொட்டியைச் சுத்தம் செய்யும் முறையால்தான். ஞாயிற்றுக்கிழமை மீனை வாளியில் போட்டு, நீரை முழுக்க இறைத்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்புவார்கள். தொட்டி பளிச்சென்று இருக்கும். குளோரின் பட்டுப் பாக்டீரியா செத்திருக்கும். இரண்டு நாளில் அம்மோனியா ஏறி, மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். முறையான வழி இது: வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர், அதாவது ஏழெட்டு வாளி, டியூப் வைத்துத் தரைக் கழிவோடு சேர்த்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலச வேண்டும். அதுவும் மாதம் ஒருமுறை போதும். நகராட்சிக் குழாய் நீரில் ஆன்ட்டி குளோரின் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். போர்வெல் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால், ஒரு நாள் காற்றேற்றி வைத்து ஊற்றுவது பாதுகாப்பானது. சற்றுக் கடினமான நீரை ஆஸ்கார் தாங்கிக்கொள்ளும். ஆனால் பிஹெச் கூடிய நீரில் அம்மோனியாவின் நஞ்சு ஏறும். அத்தகைய நீரைப் பயன்படுத்துவோர் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

தீனியில் நல்ல பெல்லட்தான் அடிப்படை. குஞ்சுக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறை. வளர்ந்த மீனுக்கு ஒரு முறை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே கணக்கு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. தோல் உரித்த இறால், பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழு ஆகியவற்றை இடையிடையே கொடுக்கலாம். மாட்டிறைச்சி, கோழி வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடுவதும் தவறு. அதிலுள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. ஒட்டுண்ணிகளும் கூடவே வந்து சேரும்.

துணை மீன் வேண்டுமென்றால் வாயில் அடங்காத அளவுள்ளவையே தகும். சில்வர் டாலர் கூட்டம், செவெரம் ஆகியவற்றைப் பெரிய தொட்டியில் சேர்க்கலாம். நியான், கப்பி போன்றவை இரையாகிவிடும்.

தொட்டியில் ஏதாவது மாறினால் ஆஸ்கார் தரையில் ஒருக்களித்துப் படுத்து, நிறம் வெளிறி, தீனியைப் பார்க்காமல் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோவார்கள். முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் விளக்கை அணைத்து ஓரிரு நாள் விட்டாலே எழுந்துவிடும். ரவை தூவியதுபோல் வெண்புள்ளி தெரிந்தால் வெப்பத்தை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்து, காற்றைக் கூட்டி, பத்து நாளாவது தொடர வேண்டும். தலையில் குழி விழுவது பெரிய சிக்லிட்களில் அதிகம் காணப்படும் தொல்லை. பழைய நீர், ஒரே வகைத் தீனி, ஹெக்சமிட்டா எனும் ஒட்டுண்ணி ஆகியவை இதோடு தொடர்புடையவை. மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள், நீரைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் குழி திரும்ப வரும்.

வளர்க்க முடியாத நிலை வந்தால் வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடலாம். ஏரியிலோ குளத்திலோ ஒருபோதும் விடக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா நீர்நிலைகளில் வெளியேறிய ஆஸ்கார் அங்கேயே இனம் பெருக்கி நிலைத்துவிட்டது.