விஎம் 'பாஸ்டு'ன்னு நின்னா ஃபோர்ஸ் ஆஃப் அமுக்காதீங்க

லினக்ஸ் லேப்டாப்ல விர்ட்-மேனேஜர் வச்சு விஎம் போடுறது எப்படின்னு இந்த வார எபிசோட்ல கேட்டிருப்பீங்க. போட்டதுக்கு அப்புறம் வர ஒரு தலைவலியைப் பத்தி இங்க எழுதுறேன்.

அசைன்மென்ட் பாதியில இருக்கும்போது விஎம் அப்படியே உறைஞ்சு நிக்கும். மவுஸ் நகராது. விர்ட்-மேனேஜர்ல பார்த்தா 'பாஸ்டு'ன்னு காட்டும். நாம பாஸ் பண்ணவே இல்லையே! ரெஸ்யூம் அமுக்கினா ஒரு நொடி அசைஞ்சிட்டுத் திரும்பவும் நிக்கும். எனக்கு முதல் தடவை இது நடந்தப்போ பதறிப்போய் ஃபோர்ஸ் ஆஃப் அமுக்கிட்டேன். சேவ் பண்ணாத ரெண்டு மணி நேர வேலை போச்சு. கொஞ்சம் பொறுத்திருந்தா ஒரு எழுத்துகூடப் போயிருக்காது.

பெரும்பாலும் காரணம் விஎம்முக்குள்ள இல்லை. ஹோஸ்ட்ல, அதாவது உங்க லேப்டாப்ல, டிஸ்க் நிரம்பிடுச்சு. விஎம்முக்கு 40 ஜிபி டிஸ்க் கொடுத்தாலும் கியூகவ்2 ஃபைல் அவ்வளவு இடத்தையும் உடனே எடுத்துக்காது; உள்ளே எழுத எழுதத்தான் வளரும். 100 இலை போட இடமுள்ள பந்திக்கு 300 பேரைக் கூப்பிட்ட மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல வராத வரைக்கும் பிரச்சினை இல்லை.

இடம் தீர்ந்ததும் கியூஎமு செய்யறது உண்மையிலேயே நல்ல காரியம். எழுத முடியலைன்னு கெஸ்ட்கிட்ட எரர் சொல்லாம, விஎம்மையே நிறுத்திவைக்குது. எழுத முடியாமப் போனதைக் கையிலேயே வச்சிருந்து, ரெஸ்யூம் பண்ணதும் மறுபடி எழுதிப் பார்க்கும். அதனால ஹோஸ்ட்ல டெர்மினல் திறந்து 'டிஎஃப் -எச்' போடுங்க. 100% காட்டினா பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை அழிச்சு சில ஜிபி இடம் பண்ணிட்டு ரெஸ்யூம் அமுக்குங்க. விட்ட இடத்துலருந்தே ஓடும். இமேஜஸ் ஃபோல்டர்ல என்னன்னு தெரியாத கியூகவ்2 ஃபைல் எதையும் தொடாதீங்க. வேற ஒரு விஎம் அதுமேல நிக்கலாம்.

அடுத்த குழப்பம்: கெஸ்ட்டுக்குள்ள 10 ஜிபி அழிச்சாலும் ஹோஸ்ட்ல அந்த ஃபைல் சுருங்காது. கெஸ்ட் அழிச்ச விஷயம் ஹோஸ்டுக்குத் தெரியணுமே. விஎம்மை முறையா ஷட்டவுன் பண்ணிட்டு, டிஸ்க் செட்டிங்ல 'டிஸ்கார்ட் மோட்'-ஐ 'அன்மேப்'னு மாத்துங்க. திரும்ப ஆன் பண்ணி, கெஸ்ட் லினக்ஸ்ல 'சூடோ எஃப்எஸ்ட்ரிம் -ஏவி' போட்டா இடம் திரும்பி வரும். கியூஎமு 4.0-க்கு (2019) முன்னாடி சாதாரண விர்ட்டியோ டிஸ்க்ல இந்த வசதி கிடையாது.

ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தா கதை வேற. பழைய டேட்டாவையும் அதே ஃபைல்தான் சுமக்குது, அதனால 40 ஜிபி டிஸ்க்கோட ஃபைல் 40-ஐத் தாண்டியும் போகலாம். பரீட்சைக்கு முன்னாடி எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட் எத்தனை இருக்குன்னு ஒருதடவை பாருங்க. என்கிட்ட பதினொண்ணு இருந்துச்சு.